கண்ணில்லாத் திருக்கைக்கு ஒரு பெயர்

ஃபார்மலின் ஊற்றிய கண்ணாடி ஜாடிக்குள் அந்தத் திருக்கை ஒரு சப்பாத்தி அகலம்தான் இருந்தது. கன்னங்கரேலென்று, தொட்டால் அழுந்துகிற உடம்பு. கண்கள் தோலுக்கடியில் இரண்டு கடுகு. வெளிச்சமே எட்டாத ஆழத்தில் கிடந்து, இரையை மின்சாரத்தால் அடித்துத் தின்னும் இனம். ஆய்வுக் கப்பல் ஒன்றின் வலையில் சிக்கி, எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் எங்கள் கல்லூரி விலங்கியல் துறைக்கு வந்து சேர்ந்தது.

அதை ஆராய்ந்தவள் எனக்கு இரண்டு வருடம் மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பம். அம்மா கூடையில் மீன் விற்றுப் படிக்கவைத்தார். அக்கா உள்ளே வந்தால் பேராசிரியர் ஜன்னலைத் திறக்கச் சொல்வார். "மீன் வாடை உனக்குப் பழக்கம். எங்களுக்கு அப்படியா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

இதுவரை யாரும் விவரிக்காத இனம் என்று அக்கா நம்பினாள். மின் உறுப்பின் தேனடை போன்ற அறைகளை லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். மூன்று வருட உழைப்பு. "எங்கம்மா பேரை வெக்கப் போறேன்" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

இரண்டாம் வருடமே ஒரு வெளிநாட்டு ஆய்விதழ் வந்தது. துறை நூலகத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். அதே மீன், அதே கடுகுக் கண்கள், வேறு யாரோ வைத்துவிட்ட பெயர். பேராசிரியரிடம் கொண்டுபோனேன். மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "அவகிட்ட சொல்லாதே. எவ்வளவு தூரம் போறான்னு பார்க்கலாம்." துறையில் ஒரே ஒரு விரிவுரையாளர் இடம் காலியாக இருந்தது. நான் சொல்லவில்லை.

கருத்தரங்கில் அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அவர் இதழை உயர்த்திக் காட்டினார். "இந்த மீனுக்கு எப்பவோ பேர் வெச்சாச்சு. நூலகம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? மீனைத் தராசுல போட்டா மட்டும் போதாது." கூடமே சிரித்தது. கடைசி வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா, மகளைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துத் தானும் சிரித்தார்.

"இன்னாம்மா சொல்றாரு அந்த ஐயா? எல்லாரும் சந்தோசமா கீறாங்களே!"

"மீனு நல்லா கீதுன்றாரும்மா" என்றாள் அக்கா.

வாசலில் என் பக்கம் திரும்பினாள். "அந்தப் புக்கு உன் கைக்குத்தானே மொதல்ல வந்திருக்கும்? உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா" என்றேன்.

அதன்பிறகு அவள் துறைக்கு வரவேயில்லை. இடம் எனக்குக் கிடைத்தது. ஓய்வுபெறும்வரை, ஆழ்கடல் மீன்கள் பாடம் வரும்போதெல்லாம், அவள் வரைந்து விட்டுப்போன திருக்கைப் படத்தைப் பார்த்துத்தான் கரும்பலகையில் வரைந்தேன். கை சுத்தம் என்று மாணவர்கள் பாராட்டுவார்கள். நான் மறுத்ததில்லை.