நைட் ஷிப்ட்னு சொல்லி வெச்ச ரெண்டு மாசம்

சில வருஷத்துக்கு முன்னாடி நாங்க ஸ்ரீரங்கத்துல வாடகை வீட்டுல இருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் துவாக்குடி பக்கம் ஒரு சின்ன கம்பெனியில வெல்டர் வேலை. மகளுக்குப் புத்தூர்ல நர்ஸிங் சீட் கிடைச்சுது. ஃபீஸ் கட்டக் கையில ஒண்ணுமில்ல. படிப்புக்குன்னு கேட்டா பி.எஃப்.ல கொஞ்சம்தான் தருவாங்க. அதனால அவங்க கம்பெனியில பல பேர் செய்யறதையே இவரும் செஞ்சார். வேலையை விட்டதா எழுதிக் கொடுத்துட்டு, ரெண்டு மாசம் வேலையில்லாம வீட்டுல இருந்துட்டு முழுப் பணத்தையும் எடுக்கிறது. அப்புறம் அதே கம்பெனியில புது ஆளா சேர்ந்துக்கிறது.

எனக்கு வந்துச்சே கோபம்! "திரும்ப எடுத்துக்கலைன்னா நடுத்தெருவுலதான் நிக்கணும்"னு கத்தினேன்.

"முதலாளி வாய் வார்த்தையா சொல்லியிருக்கார், விடு"ன்னார்.

வேலை இல்லைன்னு தெரிஞ்சா வாடகை வருமான்னு வீட்டுக்கார மாமி பயப்படுவாங்களே! நைட் ஷிப்ட்னு ஒரு பொய் சொல்லி வெச்சேன். நாலே நாள்தான். "ஏன்டிம்மா, நைட் ஷிப்ட்னா பகல்ல தூங்க வேண்டாமோ? எப்பப் பாத்தாலும் முழிச்சுண்டே இருக்காரே!"ன்னு மாமி வந்து நிக்கிறாங்க. உள்ளே இவர் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறார்.

தூங்குற மனுஷனா அவர்? விடியறதுக்கு முன்னாடி பஸ் பிடிச்சுப் பழகின உடம்பு. எனக்கு முன்னாடி எழுந்து காபி போடுவார், ஒரே தித்திப்பு. அம்மா மண்டபம் படித்துறைக்குக் காவேரியில குளிக்கப் போவோம். காந்தி மார்க்கெட்டுக்குப் பையைத் தூக்கிட்டு வந்து, பேரம் பேசத் தெரியாம என் மானத்தை வாங்குவார். ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம் போன ஆளு. கல்யாணமாகி அத்தனை வருஷத்துல, பகல் வெளிச்சத்துல அவர் முகத்தை நிதானமா அப்பதான் பார்த்தேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா வேலை திரும்பக் கிடைக்குமான்னு தினமும் அவரை நச்சரிச்சுக்கிட்டே இருந்தேன்.

பணம் வந்துச்சு, ஃபீஸ் கட்டினோம். முதலாளியும் சொன்ன சொல்லைக் காப்பாத்தினார். பழைய சர்வீஸ் மட்டும் கணக்குல இல்லாமப் போச்சு.

மகள் படிச்சு முடிச்ச கொஞ்ச நாள்லயே, ரிட்டயர் ஆகற வயசு வர்றதுக்குள்ள, மாரடைப்புல அவர் போயிட்டார். சர்வீஸ் கம்மிங்கறதால கம்பெனியில இருந்து வந்த பணம் சொற்பம். "அன்னிக்கு எடுக்காம இருந்திருந்தா..."ன்னு சொந்தக்காரங்க இன்னிக்கும் ஆரம்பிப்பாங்க. அவங்க சொல்றதும் நியாயந்தான். நானே யாரையும் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு எடுத்த பணத்தை வட்டியோட என் கையில வெச்சு, அவரோட இருந்த அந்த ரெண்டு மாசத்தைத் திருப்பிக் கொடும்மான்னு யாராவது கேட்டா, போய்யா உன் வேலையைப் பார்த்துக்கிட்டுன்னு அனுப்பிடுவேன்.