ரிமார்க்ஸ் கட்டத்தில் ஒரு சொல்

குளிர்பதனக் கிடங்கின் மெஷின் ரூமில் அவருக்கு ‘மூக்கு’ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குளிரூட்டும் வாயுவான அமோனியாவின், வேறு யாருக்கும் தெரியாத வாடையை இருபதடி தள்ளி நின்றே பிடித்துவிடுவார். அப்போது வைத்த பெயர். பதினேழு வருடத்தில் மூக்கு மழுங்கிவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. மழுங்கியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

மனைவிக்கும் அங்கேதான் வேலை. மெஷின் ரூமை ஒட்டிய பேக்கிங் ஹாலில் முப்பத்திரண்டு பெண்கள் நின்றபடியே பட்டாணியை எடைபோட்டுப் பையில் அடைப்பார்கள். இடையில் ஒரு செங்கல் சுவர். குழாய்கள் நுழைவதற்காக அதில் ஒரு துளை. துளையைச் சுற்றி அடைத்திருந்த சிமெண்டு பாதி உதிர்ந்துவிட்டது. கண்ணை மூடினாலும் அவருக்கு அந்தத் துளைதான் தெரியும்.

மணிக்கு ஒருமுறை அழுத்தமும் வெப்பநிலையும் லாக் புக்கில் ஏற்ற வேண்டும். கடைசிக் கட்டம் ரிமார்க்ஸ். தலைமை அலுவலகம் படிப்பதால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆபரேட்டர்கள் மூன்று பேருக்கும் சேர்த்து இருபது சொல் தெரிந்தால் அதிகம். ஆனால் தெரிந்ததை எடைபோட்டுத்தான் எழுதினார்கள். வால்வு ஈரமாக இருந்தால் ஸ்வெட்டிங். வாடை அடித்தால் ஸ்மெல். அடுத்த முறை பிளாண்ட் நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால் சீப்பேஜ். லீக் என்று எழுதினால் அந்த நிமிடமே மெஷினை நிறுத்த வேண்டும். ஹூட்டர் என்னும் அபாயச் சங்கை அடிக்க வேண்டும். கட்டடத்தில் ஓர் ஆள் இருக்கக் கூடாது. நான்கு வருடமாக யாரும் லீக் என்று எழுதவில்லை. லீக் இல்லாமல் இல்லை.

வெளியே அந்தச் சொல் சர்வ சாதாரணமாகத் திரிந்தது. சைக்கிள் டியூப் லீக். கேள்வித்தாள் லீக். பேக்கிங் ஹாலில் யாராவது யாரையாவது பார்த்துச் சிரித்தால் அதுவும் மதியத்துக்குள் லீக். அடுத்த ஷிப்டு ஆபரேட்டருக்கு ‘மீசை’ என்று பெயர், அவர் டீ குடிக்கும்போது சொல்வார்: “எங்க வீட்டுக் குழாய் மூணு நாளா லீக். என் பொண்டாட்டி தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்றா. குடுத்து வச்சவ, ஹெட் ஆபீஸுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்ல.”

மகள் அப்போது பாலிடெக்னிக்கில் முதல் வருடம். ஒரு நாள் சாயங்காலம் அவர் கேட்டார்: “லீக்குக்கு வேற என்னென்ன வார்த்தை இருக்கு, உன் புக்குல பாரும்மா.”

அவள் அகராதியைப் புரட்டினாள். “சீப், ஊஸ், ட்ரிப், எஸ்கேப்... ஏம்ப்பா?”

“எல்லாம் ஒண்ணுதானா?”

“இல்லப்பா. ட்ரிப்னா சொட்டுறது. ஊஸ்னா மெதுவா வழியுறது, புண்ணுலேர்ந்து சீழ் வர்ற மாதிரி. எஸ்கேப்னா தப்பிச்சுப் போறது. கேஸுக்கு அதையும் சொல்வாங்க.”

“இதுல பயமில்லாத வார்த்தை எது?”

மகள் சிரித்தாள். “அந்தக் கணக்கெல்லாம் அகராதியில போட மாட்டாங்கப்பா.”

அவர் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு நாள், காலை பத்து மணி இடைவேளை. மனைவி மெஷின் ரூம் வாசலில் வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“காலையிலேர்ந்து எரியுதுங்க. வெங்காயம் உரிச்ச மாதிரி. உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?”

“இல்லையே.”

“நல்ல மூக்குதான் போங்க. பேரைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவர் மேசை இழுப்பறையிலிருந்து லிட்மஸ் தாள் டப்பாவை எடுத்தார். அமோனியா இருந்தால் நனைத்த சிவப்புத் தாள் நீலமாகும். முதல் கம்ப்ரஸர், மாற்றமில்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவதின் வால்வுக்கு ஒரு முழம் முன்பே தாள் நீலமாகிவிட்டது. கிழிந்த ஓரம் வரை நீலம். அவர் முகத்தை அருகில் கொண்டுபோய் மூச்சை இழுத்தார். ஒன்றுமே இல்லை. பச்சைத் தண்ணீர்போல் இருந்தது காற்று. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. எத்தனை நாளாக?

சூப்பர்வைசர் வந்து தாளைப் பார்த்தார்.

“கண்ணு எரியுதாய்யா?”

“எனக்கு இல்ல சார்.”

“மூக்குக்கே தெரியல. அப்புறம் எதுக்கு அலறுற? ஸ்மெல்னு போடு. ஞாயித்துக்கிழமை பிளாண்ட் நிக்குது, வால்வைப் பிரிச்சுப் பாத்துக்கலாம்.”

“சீப்பேஜ்னாவது எழுதிடறேன் சார்...”

“ஸ்மெல்.”

எழுதினார். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போனது. சூப்பர்வைசர் போனதும் நேராகப் பேக்கிங் ஹாலுக்கு நடந்தார். மனைவியின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார்: “போன் வந்துச்சு. பொண்ணுக்குக் காய்ச்சலாம். நீ வீட்டுக்குக் கிளம்பு.”

அவள் தராசிலிருந்து கையை எடுக்கவில்லை. “காலையில என் தட்டுல இருந்ததையும் சேர்த்துத் தின்னுட்டுப் போனவளுக்கா காய்ச்சல்?”

“கிளம்புன்னா கிளம்பேன்.”

“என்ன எழுதினீங்க?”

அவர் சுவர்த் துளையைப் பார்த்தார்.

“புக்குல என்ன எழுதினீங்க? என்னை மட்டும் அனுப்பிட்டு இவளுங்களை என்ன பண்றதா உத்தேசம்?”

அடுத்த மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, அண்ணன் வேலை நேரத்துல ஓடிப்போகலாம்னு கூப்பிடுறாரா?”

ஹால் முழுக்கச் சிரித்தது. சிரிப்பின் நடுவில் ஒருத்தி இருமினாள். பிறகு சுவரோரம் நின்ற இன்னொருத்தி. பிறகு மூன்று பேர் ஒன்றாக. சிரிப்பு நின்றது.

திரும்பி ஓடிய அவருக்குக் கால் தரையில் படவில்லை. மெஷினை நிறுத்தும் பொத்தானையும் ஹூட்டரையும் ஒன்றாக அமுக்கினார். பிறகு லாக் புக்கை இழுத்து, ஸ்மெல் என்பதை ஒரே கோட்டில் அடித்தார். மேலே லீக் என்று எழுதினார். எழுதும் நேரமா அது என்று பின்னாளில் கேட்டார்கள். எழுதாவிட்டால் ஹூட்டரை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தாராம்.

முகமூடியை மாட்டிக்கொண்டு மூன்றாவது கம்ப்ரஸரின் இருபுற வால்வுகளையும் மூடப் போனார். முதலாவது மூடியது. இரண்டாவதைத் திருகும்போது, வால்வுத் தண்டைச் சுற்றிய அடைப்பு பிய்த்துக்கொண்டது. வெள்ளைப் புகை. எதுவும் தெரியவில்லை. முகமூடியின் வடிகட்டி பழையது, பாதியில் கைவிட்டது. சுற்றுகளை எண்ணிக்கொண்டே திருகினார். பதினொன்று. பிறகு சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தார்.

காற்று வரும் பக்கமாக முற்றத்தில் பெண்கள் நின்றிருந்தார்கள். மனைவி தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டும் சரி. அவரைப் பார்த்ததும் குழாயைப் பிடுங்கி முகத்தில் தண்ணீரை அடித்தாள்.

“கண்ணைத் திறங்க. திறந்து தொலைங்க. ஐயோ, திறங்களேன்!”

கண் தப்பியது. நுரையீரல் தப்பவில்லை. குரல் கம்மிப்போனது, அதன்பின் அவர் உயிரோடு இருந்த ஆறு வருடமும் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த சூப்பர்வைசர், சீப்பேஜ் என்று திருத்திக் கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டார். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் பிளாண்ட் மறுபடி ஓடியது. வால்வு புதிது, சுவர்த் துளை அப்படியே. மனைவி வேலைக்குப் போனாள். அவர் வீட்டில். இப்போது பகல் ஷிப்டில் மீசை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்தரை வரை வீட்டில் அவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தெருவில் எந்த லாரி ஹாரன் அடித்தாலும் எழுந்து நின்றுவிடுவார்.

“மீசை என்ன எழுதறான்?” வந்ததும் முதல் கேள்வி.

“எனக்கு என்ன தெரியும்? அது இங்கிலீஷ்.”

ஆனால் மறுநாளிலிருந்து, டீ கொடுக்கிற சாக்கில் மெஷின் ரூமுக்குள் போய், கடைசிக் கட்டத்தில் இருப்பதைப் பேனாவால் உள்ளங்கையில் வரைந்துகொண்டு வந்தாள். எழுத்துத் தெரியாது, கோலத்தைப் பார்த்து வரைவதுபோல் வரைவாள். அவர் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகக் காட்டிப் படிப்பார். நார்மல். நார்மல். ஒரு நாள் ஸ்வெட்டிங், அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுபடி நார்மல்.

மூன்றாவது வாரம் அவள் கொண்டுவந்த கோடுகள் வியர்வையில் கலைந்திருந்தன. ஜன்னலோரம் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார்.

“என்னங்க?”

“ஸ்மெல்.”

“சூப்பர்வைசர் உங்களை எழுதச் சொன்னாரே, அதா?”

தலையாட்டினார். அவள் கையை விடவில்லை.

“மூணு பேரு இருமினாளுங்க இன்னைக்கு,” என்றாள் மெல்ல. “தூசின்னு நினைச்சேன்.”

“நாளைக்கு யாரும் உள்ள போகக் கூடாது.” குரல் காற்றாகத்தான் வந்தது.

“யாருமேன்னா, நம்ம வீடு போக முப்பத்தோரு வீடு ஏறி இறங்கணும்.”

அவர் சட்டையை எடுத்தார். அவள் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். மகள் விளக்கு போடாத அறையிலிருந்து வந்து டார்ச்சை அவர் கையில் கொடுத்தாள்.

“உங்களால பேச முடியாது,” என்றாள் மனைவி. “பக்கத்துல நில்லுங்க, போதும். உங்க மூச்சு வாங்குறதைப் பாத்தாலே நம்புவாளுங்க.”