நன்றி வரிசையில் மன்னி

பொம்மைகளை வைத்துப் படம் எடுக்கிறவர்களுக்கு முதல் எதிரி மின்விசிறி. அடுத்த எதிரி கூட இருக்கும் மனிதர்கள். ஒரு சாண் உயரப் பொம்மையை முடியளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி முடியளவு நகர்த்தி இன்னொரு படம். இப்படிப் பன்னிரண்டு எடுத்தால் திரையில் ஒரு நொடி ஓடும். நடுவில் யாராவது மேசையில் இடித்தால் அன்றைய பாடு வீண். காற்று அடித்தால் பொம்மையின் தலைமுடி பறக்கும். அதனால் ஸ்ரீவராகத்தில், என் அண்ணன் வீட்டுப் பின்னறையில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்து, கதவைச் சாத்தி, விசிறியை நிறுத்திவிட்டு ஏழு மாதம் உட்கார்ந்திருந்தேன். திருவனந்தபுரத்து வெக்கை தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம்.

வேறு அறை கேட்கும் நிலையில் நான் இல்லை. பெங்களூர் வேலையையும் கல்யாணத்தையும் ஒரே வருடத்தில் முறித்துக்கொண்டு, முப்பத்தெட்டு வயதில் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவள். அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

படம் என் கல்லூரிச் சிநேகிதியுடையது. மலையாளப் பெண். கதை அவள் எழுதியது, கேமரா அவளுடையது. ஒரு பெண் தினமும் சாயங்காலம் பெட்டி கட்டிக்கொண்டு வாசல் வரை போகிறாள், திரும்பி வந்து பெட்டியைப் பிரிக்கிறாள், அவ்வளவுதான் கதை. பொம்மையை நகர்த்துவது என் வேலை. சிநேகிதி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, எடுத்தவரை பார்த்து, குறிப்புச் சொல்லிவிட்டுப் போவாள்.

பின்னறையில் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டின் பூஜை அலமாரி அங்கேதான். மன்னி, அதாவது அண்ணன் மனைவி, தம்பானூரில் ஒரு தனியார் ஆபீஸில் கிளார்க். கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்து, கால் அலம்பிக்கொண்டு, ஆறரைக்கு அந்த அறையில் சுவாமி விளக்கை ஏற்றுவாள். நான் அனல் பறக்க வேலை செய்துகொண்டிருக்கும்போது கதவைத் திறந்து அவள் உள்ளே வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விளக்கைக் கூடத்துக்கு மாற்றக் கூடாதா என்று கேட்டேன். கொஞ்சம் கத்தித்தான் கேட்டேன்.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இங்கதான் ஏத்தறேன். உன் பொம்மை போன மாசம்தானே வந்தது" என்றாள்.

விளக்கு அரைமணி நேரமாவது எரிய வேண்டும். அதுவரை நான் வெளியே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். வாயால் ஊதி அணைக்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை. எத்தனையோ விஷயங்களை விட்டுத் தொலைத்தவள்தான், ஆனாலும் விளக்கை ஊதக் கூடாது என்பது கையிலும் வாயிலும் ஊறிக் கிடந்தது. எங்கள் வீட்டில் பூவால் ஒற்றிக் குளிர வைப்பார்கள். அது மன்னியின் வேலை.

ஒருநாள் பொம்மை ஒரு காலைத் தூக்கிய நிலையில் நின்றிருந்தபோது விளக்கு நேரம் வந்துவிட்டது. விட்டுவிட்டுப் போனால் களிமண் முகம் தொய்ந்துவிடும். வேறு வழியில்லாமல் விளக்கு எரிய எரிய எடுத்துக்கொண்டே போனேன். வீணாய்ப் போன படங்கள் என்றுதான் நினைத்தேன். கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, விளக்கைக் குளிர வைக்க வந்த மன்னி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பொம்மையின் கன்னத்தில் வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்பதான் அவ மூச்சு விடறா" என்றாள். பிறகு, "உன் லைட்டெல்லாம் அணைச்சுட்டு இத மட்டும் வெச்சு எடுத்துப் பாரேன்" என்றாள்.

ஆபீஸ் கிளார்க்குக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மறுநாள் அவள் சொன்னபடியே எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. ஆனால் சுடர் தன் இஷ்டத்துக்கு ஆடியதால் படத்துக்குப் படம் வெளிச்சம் எகிறிக் குதித்தது. மன்னி ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு விளக்கருகே உட்கார்ந்தாள். சுடருக்கும் பொம்மைக்கும் நடுவில் உள்ளங்கையைக் காட்டினாள். ஒவ்வொரு படத்துக்கும் கையை இம்மி இம்மியாக விலக்கினாள். "நீ பொம்மைய நகத்து. நான் வெளிச்சத்த நகத்தறேன்."

அன்றிலிருந்து ஐந்து மாதம் ஆறரை மணி என்றால் நாங்கள் இரண்டு பேரும் அந்த அறைக்குள் அடைந்து கிடப்போம். அவள் ஆபீஸ் புடவையைக்கூட மாற்றாமல் வந்து உட்காருவாள். எண்ணெய் எப்போது விட வேண்டும், திரியை எவ்வளவு தூண்ட வேண்டும் என்பதெல்லாம் அவள் கணக்கு. எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் என்பதும் மெல்ல அவள் கைக்குப் போனது. அந்தப் பெண் வாசலை நெருங்கும்போது முகம் பிரகாசமாக வேண்டும் என்று சிநேகிதி எழுதிக் கொடுத்திருந்தாள். மன்னி அதற்குத் தலையாட்டவில்லை.

"போறச்சே இருட்டாவே இருக்கட்டும். திரும்பி வரச்சேதான் மூஞ்சில வெளிச்சம் விழணும், கேட்டியா. அப்பதானே எல்லாரும் பாக்கறா."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு பெட்டியோடு நான் ஆட்டோவில் வந்து இறங்கிய அன்று தெருவே வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. மன்னியும் ஒரு காலத்தில் பெட்டி கட்டியிருப்பாளோ என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது. கேட்கவில்லை. அவள் சொன்னபடி எடுத்தோம். சிநேகிதி வந்து பார்த்துவிட்டு இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள். மன்னி அந்த நேரம் அடுக்களையில் இருந்தாள். யார் யோசனை என்று சிநேகிதி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதுதான் முதல் தப்பு. அப்போது அது தப்பாகவே தெரியவில்லை.

படம் முடிந்ததும் சிநேகிதி பெயர்ப் பட்டியலை அனுப்பினாள். எழுத்து, இயக்கம் என்று அவள் பெயர். சில வரிகள் தள்ளி, பொம்மை இயக்கம் என்று என் பெயர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏழு மாதம் காற்றில்லாமல் வெந்தவள் நான், வாரம் ஒருநாள் வந்து டீ குடித்தவள் இயக்குநரா? போனில் பிடித்தேன். அவளும் விடவில்லை. எங்கே நடக்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று வரைந்து கொடுத்ததே நான்தானே, அதற்கு மேல் உன்னுடையது என்று என்ன இருக்கிறது, சொல்லு என்றாள்.

"வெளிச்சம்" என்றேன். "அந்த வெளிச்சம் என்னுடையது."

வாயிலிருந்து அது எவ்வளவு லகுவாக வந்தது என்பது இன்றைக்கும் எனக்கு வியப்பு. அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து இயக்கம் என்பதற்குக் கீழே எங்கள் இருவர் பெயரும் வந்தது. மன்னியின் பெயரை நன்றி வரிசையில் போடச் சொன்னேன். பொம்மைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த தையல்காரருக்கும், கறுப்புத் துணி இரவல் தந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவில் அவள் பெயர் நின்றது. பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன், பாருங்கள்.

நகரத்தில் ஒரு சின்ன அரங்கில் படத்தைத் திரையிட்டார்கள். முடிந்ததும் எங்களை மேடைக்கு அழைத்தார்கள். ஒரு மாணவி எழுந்து அந்த வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டாள். சிநேகிதி மைக்கை என் கையில் கொடுத்தாள். நான்காவது வரிசையில் மன்னி உட்கார்ந்திருந்தாள். அரைநாள் லீவு போட்டுவிட்டு, விசேஷத்துக்கு உடுத்தும் புடவையில் வந்திருந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் சிநேகிதி பக்கத்திலேயே நிற்கிறாள். சொன்னால், எந்த வார்த்தையைச் சொல்லி என் பெயரை மேலே ஏற்றினேனோ அது பொய் என்று அத்தனை பேர் முன்னால் ஆகும். எங்கள் வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றுவார்கள், அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தோன்றியது என்றேன். கை தட்டினார்கள். மன்னியும் தட்டினாள்.

மறுநாள் ஆறரைக்குப் பின்னறைக் கதவு திறக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். விளக்கு கூடத்தில் ஒரு மனைப்பலகையின் மேல் எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் சுவரில் சாய்த்து ஒரே ஒரு சுவாமி படம். "உனக்கு இடைஞ்சலா இருக்கப்படாது பாரு" என்றாள். குரலில் கோபத்தின் சாயல்கூட இல்லை. கோபித்திருந்தால் நான் பிழைத்துப்போயிருப்பேன்.

அடுத்த படத்துக்கு ஆள் வந்தார்கள். அந்த வெளிச்சம் வேண்டும், அதே வெளிச்சம் என்றார்கள். ஒப்புக்கொண்டேன். கடையில் ஒரு விளக்கு வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு முயன்றேன். ஒரு கையால் சுடரை மறைத்தால் பொம்மையை நகர்த்தக் கையில்லை. அட்டையை வெட்டி வைத்துப் பார்த்தேன், கம்பியில் துணி கட்டிப் பார்த்தேன். பொம்மையின் முகத்தில் வெளிச்சம் இருந்தது, மூச்சு இல்லை. ஒன்பது நாள் அந்த அறைக்குள் வெந்தேன். உதவி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் படம் நகராது. கறுப்புத் துணியை அடித்ததும் நான், கதவைச் சாத்தியதும் நான். யாரை நோவது?

பத்தாம் நாள் அடுக்களைக்குப் போனேன். மன்னி காப்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். புதுப் படத்தில் வெளிச்சம் என்று அவள் பெயரைத் தனியாகப் போடுகிறேன், வந்து உட்காருவாளா என்று கேட்டேன்.

பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"படம் போட்ட அன்னிக்கு ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேரை அழைச்சுண்டு வந்திருந்தேன். என் பேரு வரும்னு சொல்லியிருந்தேன். நன்றியில வந்ததை அவா கவனிக்கல. லைட் போட்ட அப்பறமும் திரையையே பாத்துண்டிருந்தா. இனிமேதான் வருமோன்னு என்கிட்ட கேட்டா."

அவள் காப்பியை ஆற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

அன்றே சிநேகிதியை அழைத்தேன். வெளிச்சம் என் யோசனை இல்லை, கை வைத்ததும் நான் இல்லை, வாசல் காட்சியை மாற்றியதும் நான் இல்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். வெளிச்சம் என்று மன்னியின் பெயரைத் திரையில் தனிப் பெயர் அட்டையாகப் போட வேண்டும் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்போ நின்றெ பேரு எவிடெ வைக்கணும்?" என்றாள்.

உன் பெயரை எங்கே போடட்டும் என்கிறாள். நியாயமான கேள்வி. முன்பு இருந்த இடத்திலேயே போடு என்றேன். பொம்மை இயக்கம். அதைச் சொல்ல எனக்கு மனசே இல்லை, பொய் சொல்வானேன். அந்த நடைக்கும் திரும்பலுக்கும் ஏழு மாதம் கொடுத்தவள் நான், இயக்கத்தில் என் பங்கு உண்டு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதைக் கேட்பதற்கு வெளிச்சம் என்ற மன்னியின் வார்த்தையைத் திருடிவிட்டேன், இனி எந்த வாயால் கேட்பது?

புதுப் பெயர் அட்டைகளோடு படத்தின் பிரதி வந்ததும் மன்னியின் போனுக்கு அனுப்பினேன். பார்த்தாள், தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினாள். ஆபீஸில் காட்டினாளா என்று எனக்குத் தெரியாது. விளக்கை இன்னும் கூடத்தில்தான் ஏற்றுகிறாள். புதுப் படத்தை முடியாது என்று சொல்லிவிட்டேன். கறுப்புத் துணியை மட்டும் இன்னும் கழற்றவில்லை. ஆறரைக்குப் பின்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். கதவின் அடியில் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. அது என் கால்விரல் வரைக்கும்தான் எட்டுகிறது.