சூடு வராத காரும் பிழை விடாத மனுசனும்

பற்றிமாவுக்குக் கோபம் வந்தால் தமிழும் ஜெர்மனும் கலந்துதான் வரும். அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் வந்தபடி இருந்தன. காரணம் உலக விசயம் ஒன்றுமில்லை. பதினெட்டு வயதான அவளுடைய காரில் ஹீற்றர் வேலை செய்யவில்லை. குமிழைச் சிவப்புப் பக்கம் கடைசி வரைக்கும் திருப்பினாலும், குளிர்பெட்டியைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்ததுபோல ஒரு காற்றுத்தான் வந்தது.

கார் அவளுக்குச் சொகுசு இல்லை, தொழில். ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கழுவி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு வருகிற பராமரிப்புத் தாதி அவள். வயது ஐம்பத்துநாலு. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மதியம் ஒரு மணிக்குள் பதின்மூன்று வீடு முடிய வேண்டும். வீட்டுக்கு வீடு ஏழு நிமிடம், பத்து நிமிடம் ஓட்டம். அவளுக்குத் தந்திருந்த வீடுகளோ எல்லாம் மேட்டில் இருந்தன.

அந்த வேலைக்கு அவள் சும்மா வந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலிருந்து கலியாணத்துக்கென்று விமானம் ஏறி வந்தவள். வந்து பதினாறு வருடம் அலுவலகங்களில் கக்கூசு கழுவினாள். இரண்டு பிள்ளைகளையும் ஓரளவு வளர்த்துவிட்டு, நாற்பது வயதில், மகளின் வயதுப் பெட்டைகளோடு ஒரே வாங்கில் இருந்து மூன்று வருட அவுஸ்பில்டுங், அதாவது தாதித் தொழிற்பயிற்சி, செய்தாள். எழுத்துப் பரீட்சையில் முதல்தரம் கோட்டை விட்டாள். இரண்டாம் தரம் பிடித்தாள். சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். யாராவது வீட்டுக்கு வந்தால் மாதாவைக் காட்டுகிற சாட்டில் அதையும் காட்டுவாள்.

வேலையில் அவளுடைய கைக்கு ஒரு பெயர் இருந்தது. றொன்ஸ்டோர்ஃப் மேட்டில் பிராவ் லீபிஷ் என்று எண்பத்தொன்பது வயதுக் கிழவி. மற்றத் தாதிகள் கழுவினால் சட்டி விளக்குவதுபோல இருக்கிறது, பற்றிமா கழுவினால்தான் தான் மனுசி என்ற நினைப்பு வருகிறது என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். அந்தக் கிழவிதான் டிசம்பரில் ஒருநாள் முதுகில் கை பட்டவுடன் "ஐயோ!" என்று கத்தினாள். பற்றிமா வெட்கத்தில் கூனிப்போனாள். வெந்நீரில் பிடித்தால் கை சூடாகும்தான். விறைத்த கை வழிக்கு வர ஐந்து நிமிடம் ஆகும். அந்த வீட்டுக்குத் தந்திருக்கிற நேரமே இருபது நிமிடம். இரண்டு சோடி கையுறை போட்டுப் பார்த்தாள். விரல்கள் சிவந்து வீங்கிக் கடித்ததுதான் மிச்சம்.

இனி ராசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடவும் முடியாது, பொறுமையாகச் சொல்லவும் முடியாது.

ராசன் பற்றிமாவின் புருசன். இரும்புத் தொழிற்சாலையில் முதுகு போனதால் அறுபதிலேயே ஓய்வுக்கு வந்தவர். ஊரில் இரண்டு வருடம் லொறியில் கிளீனராக நின்றவர். அந்த இரண்டு வருடம் போதும், வுப்பர்டாலில் உள்ள தமிழரின் கார்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். யாருடைய பிரேக் கத்தினாலும் சனிக்கிழமை வந்து நிற்பார்கள். தான் தாலி கட்டியவளின் கார் மட்டும் குளிரில் கிடந்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

மருந்து கொடுக்காமல் இல்லை. ரேடியேற்றருக்கு முன்னால் மட்டை வைத்து அடைத்தார். தேர்மோஸ்ராற்றை மாற்றினார். இரண்டாம் கியரிலேயே மேடு ஏறு, என்ஜின் சூடாகும் என்றார். அவளும் ஒரு கிழமை, பின்னால் வந்தவனெல்லாம் ஹோர்ன் அடிக்க அடிக்க, இரண்டாம் கியரில் ஊர்ந்தாள். பிறகு அவள் வேலையால் வந்தபின், மதியம் இரண்டு மணி வெயிலில் அவர் காரில் ஏறி, என்ஜினை அலற விட்டு, காற்று வருகிற வாயில் கையை வைத்துப் பார்ப்பார். கொஞ்சம் வெதுவெதுப்பு வரும்.

"சூடு வருகுதுதானே. உனக்கு உடம்பிலை இரத்தம் காணாது, அதுதான்."

"விடியக்காலமை ஆறு மணிக்கு ஒருக்கா வந்து இருந்து பாருங்கோவன்."

"நான் பாக்காத காரே!" என்று சொல்லிவிட்டு, அவர் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்யப் போவார். பொனற்றைத் திறந்து, ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்து, பூக்கன்றுக்கு விடுகிற வாளியால் குழாய்த் தண்ணீர் விடுவார். ஆறு வருடமாகத் தவறாத பூசை அது.

முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் "நான் பிழை விட்டிட்டன்" என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததில்லை. ஒருதரம் பாரிசுக்குக் கலியாணத்துக்குப் போகிறோம் என்று பெல்ஜியத்துக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். தாலி கட்டி முடிந்து, சாப்பாடும் முடிந்து, மண்டபம் கூட்டுகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கும் "பிள்ளையள் கடல் பாக்கவேணும்தானே" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இவர் முயலே பிடிக்காமல் சாதிக்கிற ஆள். ஒரே ஒருதரம் அந்தச் சொல்லைக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை பற்றிமாவுக்குள் வருடா வருடம் காய்ந்து இறுகிக் கிடந்தது.

ஜனவரி முதல் கிழமையில் அலுவலகப் பொறுப்பாளர் கூப்பிட்டார். பிராவ் லீபிஷ் குளிர்காலம் முடியும்வரை வேறு ஆளைக் கேட்டிருக்கிறாராம். கை ஐஸ் மாதிரி இருக்கிறதாம். இன்னொரு வீடும் முணுமுணுத்திருக்கிறதாம். இப்படியே போனால் அந்த மேட்டு வீடுகளை எல்லாம் இன்னொருவருக்கு மாற்ற வேண்டிவரும் என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னதுதான் சுட்டது. ஆறு வருடம் கட்டிய பெயர், ஒரு ஹீற்றரில் போகப்போகிறது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, என்னை லீபிஷ் மனுசி வேண்டாமெண்டிட்டுது. காரைச் சுரேனிட்டைக் குடுப்பம்."

ராசன் தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பினார். சுரேன் எல்பர்ஃபெல்டில் சொந்தமாகக் கார் திருத்துகிற வேலைத்தலம் வைத்திருக்கிறவன். இங்கேயே படித்து, அந்தத் தொழிலின் மேல் பட்டமான மைஸ்ரர் எடுத்தவன்.

"ராசன்ரை காரைச் சுரேன் திருத்தினவன் எண்டு ஊரெல்லாம் கதைக்கட்டும் எண்டோ? என்ரை மானம் என்னத்துக்காகிறது?"

பற்றிமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னுடைய கை போகிறது, என்னுடைய வேலை போகிறது, இந்த மனுசனுக்கு மானம் மட்டும் போகக்கூடாது! மறுநாள் வேலை முடிய, ராசனுக்குச் சொல்லாமல் நேரே சுரேனிடம் போனாள்.

சுரேன் என்ஜினை ஓட விட்டு, உள்ளே ஹீற்றருக்குப் போகிற இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தான்.

"போற குழாய் சுடுது அக்கா, வாற குழாய் பச்சைத் தண்ணியாய்க் கிடக்கு. உள்ளுக்கை அடைச்சுப் போச்சு." மூடியைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி எடுத்துக் காட்டினான். தேத்தண்ணீர் நிறத்தில் சேறு. "இதுக்கு உறையாமல் காக்கிற மருந்து கலந்த தண்ணியெல்லோ விடவேணும். வெறும் குழாய்த் தண்ணி விட்டு விட்டு, உள்ளெல்லாம் துருப்பிடிச்சு, அந்தத் துரு போய் ஹீற்றரை அடைச்சிருக்கு. இன்னும் குளிர் இறங்கியிருந்தால் என்ஜினே வெடிச்சிருக்கும். ஆரக்கா இந்த வேலை பாத்தது?"

பதில் தொண்டைக்குழி வரைக்கும் வந்தது. என்ன பழக்கமோ, என்ன சனியனோ, வாய் வேறு சொன்னது.

"நான்தான் தம்பி. தெரியாமல் விட்டிட்டன்."

சுரேன் சிரித்தான். மருந்து விட்டு, எதிர்ப்பக்கத்தால் தண்ணீர் அடித்துக் கழுவி, ஒழுகிய குழாய்க்கு இறுக்குகிற வளையம் போட்டு, சரியான திரவம் நிரப்பி, பொழுதுபட முன்னம் காரைக் கொடுத்தான். வழியில் ஹீற்றர் கொதித்தது. ஜாக்கெற்றைத் திறந்துவிட்டு ஓட்டினாள். ஆனாலும் அந்த மனுசனுக்காகப் பொய் சொன்னதை நினைக்க நினைக்கத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்த கிழமை அலுவலகத்தில் மன்றாடி றொன்ஸ்டோர்ஃபுக்கு ஒருநாள் வாங்கிக்கொண்டு போனாள். பிராவ் லீபிஷ் அவளுடைய கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, "தொடங்கு" என்றாள். அந்த வீடு திரும்ப வந்தது, மற்ற மேட்டு வீடுகளும் நின்றன.

ராசன் வழக்கம்போல மதியத்தில் கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. "பாத்தியோ! நான் வைச்ச மட்டையும் தேர்மோஸ்ராற்றும் இப்பத்தான் வேலை செய்யுது" என்றார். பற்றிமா பல்லைக் கடித்தாள். சூடு வந்துவிட்டது, போகட்டும் என்று விட்டாள்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பொங்கல் விழா குரோனன்பெர்க் மேட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வெளியில் மைனஸ் ஆறு. ராசன் பட்டு வேட்டியும் மெல்லிய ஜாக்கெற்றுமாக, காரைப் பற்றி ஐந்தாறு பேருக்குப் பிரசங்கம் செய்துகொண்டு நின்றார். பக்கத்தில் பற்றிமா பொங்கல் கோப்பையோடு நின்றாள். அந்த நேரம் பார்த்துச் சுரேன் வந்தான்.

"அண்ணை, ஹீற்றர் இப்ப எப்பிடி? அக்கா குழாய்த் தண்ணி விட்டு அடைச்சு வைச்சிருந்தவா. நல்ல காலம், நேரத்தோடை கொண்டுவந்தவா."

ராசன் பற்றிமாவைப் பார்த்தார். ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. விளங்கிவிட்டது என்பது அவளுக்கும் விளங்கியது. இனியாவது சொல்லுவார் என்று நினைத்தாள்.

ராசன் சிரித்தார். "அறிவிருக்கோ இவளுக்கு! குழாய்த் தண்ணியே விடுறது? பொம்பிளையள் பொனற்றுக்கை கை வைச்சால் இப்பிடித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். பற்றிமா கோப்பையை மேசையில் வைத்தாள்.

"தண்ணி விட்டது நானில்லை. இந்த மனுசன். ஆறு வருசமாய் ஒவ்வொரு ஞாயிறும் பூவாளியாலை விட்டவர். சுரேன், நான் உனக்குப் பொய் சொன்னனான், இவரின்ரை மானத்துக்காக. இனி என்னாலை ஏலாது."

"விசர்க்கதை கதையாதை!" என்று ராசன் அதட்டினார். "நான் லொறியிலை நிண்டவன். எனக்குத் தெரியாதே?"

சுற்றி நின்றவர்கள் பொங்கலைப் பார்த்தார்கள். யார் சொல்வது உண்மை என்று அவர்களுக்கு என்ன கவலை. புருசன் பெண்சாதி சண்டை, நாளைக்குக் கதைக்க ஒரு கதை. பற்றிமா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து காரில் ஏறி என்ஜினைப் போட்டாள். பின்னால் ஓடிவந்த ராசன் கதவைத் திறக்கப் பார்த்தார். அவள் பூட்டைப் போட்டுவிட்டு, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினாள்.

"உள்ளுக்கை போய், ஆர் தண்ணி விட்டதெண்டு சொல்லிப்போட்டு வந்து ஏறுங்கோ."

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலையோ? நீ என்னைக் கொல்லுறதுக்கு நிக்கிறியோ?"

"என்னை அறிவில்லாதவள் எண்டது இவ்வளவு சனத்துக்கு முன்னாலைதானே?"

அவர் மண்டபத்தைப் பார்த்தார். பஸ் தரிப்பிடத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, பஸ் மணிக்கொன்று. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரிப்பிடத்துக்கே நடந்தார். நாலு சொல் சொல்வதைவிட விறைத்துச் சாகலாம் என்று நினைக்கிற மனுசன்! பற்றிமாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவருக்குப் பக்கத்தால் காரை ஓட்டிக்கொண்டு போனாள். நிறுத்தவில்லை.

வீட்டில் ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தாள். இரண்டு தரம் கார்ச் சாவியை எடுத்தாள், இரண்டு தரமும் வைத்தாள். கதவு மணி அடித்தது. வீட்டுச் சாவி ராசனின் சட்டைப்பையில்தான் இருந்தது, ஆனால் எடுக்க விரல் மடங்கவில்லை. காது சிவந்து, உதடு நீலம்பாரித்து, பல் அடித்தபடி நின்றார். இரண்டு கையையும் நீட்டினார். அவள் பிடித்தாள். கட்டை மாதிரி இருந்தன. நோயாளியின் கையைத் தேய்ப்பதுபோல, விரல் விரலாகத் தேய்த்தாள்.

"நோகுது" என்றார். பிறகு, "ஒவ்வொரு நாளும் இப்பிடியே போனனீ?" என்று கேட்டார்.

"ஓம்."

ராசன் தரையைப் பார்த்தார். "நான்தான் விட்டனான்" என்றார். "பிழை என்னிலைதான்."

முப்பத்தொரு வருடம் காத்திருந்த சொல். அது வந்ததும் கோபம் ஆறிவிடும் என்றுதான் பற்றிமா நினைத்திருந்தாள். ஆறவில்லை.

"அது எனக்குத் தெரியும். நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான்" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை எடுத்து அவருடைய கையில் வைத்தாள். "சுரேனுக்கு எடுத்துச் சொல்லுங்கோ."

விறைப்பு விடாத விரல் தடுமாறியது. ஒரு எண்ணை அமத்தினால் பக்கத்து எண் விழுந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் வாங்கி அமத்திக் கொடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் அழித்துவிட்டு, முதல் எண்ணிலிருந்து திரும்பத் தொடங்கினார்.