அலையைத் திருப்பியவள்

எண்ணூர் போகும் சாலையில் சௌக்கத் அலி நடத்தும் பொழுதுபோக்குப் பூங்காவில் டிக்கெட் கிழிக்கத்தான் ஜெயக்கொடி முதலில் சேர்ந்தாள். ராட்டினத்துக்குப் பக்கத்தில் டைனோசர், அதை ஒட்டிப் பனிமலை என்று கிடந்த இடத்தை ஒரே கடலாக்கிக் காட்டுகிறேன் என்று முதலாளியிடம் மல்லுக்கு நின்றவளும் அவள்தான். வாசலில் சின்னப் பிள்ளைகளுக்கு ‘நண்டு வளை’. உள்ளே போகப் போக ஆழம். கடைக்கோடியில், இருட்டுக் குகையாக, ‘திமிங்கிலத்தின் வயிறு’. பெயரும் இடமும் அப்படிப் பொருந்தியிருந்தன.

நடுவில் ஊஞ்சல் படகு, ‘விடிவெள்ளி’. அதன் பின்சுவர் முழுக்க, பார்க்கிறவர்கள் மேல் பாய்வதுபோல் ஒரு பேரலை வரைய வைத்தாள்.

மாற்றியமைத்த பூங்காவின் திறப்புக்கு முந்தின வாரம், திருவொற்றியூர் மீனவர் குப்பத்திலிருந்து சொந்தக்காரப் பெண்களை வெள்ளோட்டத்துக்குக் கூட்டி வந்தாள். எல்லாவற்றிலும் ஏறினார்கள். படகருகே வந்ததும் அத்தை கன்னியம்மா நின்றுவிட்டாள்.

“இன்னாடி இது? அலை பக்கவாட்டுல அடிக்குது. கவுந்துடும். நான் ஏற மாட்டேன்.”

“சுவத்துல வரைஞ்சதுதானே அத்தை?”

“அப்போ உன் மாமியாரை ஏத்து!”

சிரிப்பு கிளம்பியது, ஆனால் ஒருத்தியும் ஏறவில்லை. ஜெயக்கொடிக்கு முகம் எரிந்தது. படகின் மூக்கு அலைக்கு நேரே நிற்க வேண்டும். படகுக்காரர் மகளாகப் பிறந்தும், நடைபாதையிலிருந்து பார்க்க எது எடுப்பாக இருக்கும் என்று மட்டுமே யோசித்திருக்கிறாள்.

சௌக்கத் அலிக்கு வழி சட்டென்று தோன்றியது. “படகைத் திருப்ப முடியாது, கான்கிரீட்டு போட்டாச்சு. ராக்கெட்டுனு பேரு வெச்சிடு. சுவத்துல நாலு நட்சத்திரம். வேலை முடிஞ்சிது.”

“நண்டுக்கும் திமிங்கிலத்துக்கும் நடுவுல ராக்கெட்டு இன்னாத்துக்கு பாய்? இன்னிக்கு ராக்கெட்டு வரும், நாளைக்கு டைனோசரும் திரும்பி வந்துடும். படகு படகாத்தான் இருக்கணும். நான் அலையத் திருப்புறேன்.”

மறுநாளே சுவர் அலையை அழித்து வெறும் வானமாக்கினாள். படகின் மூக்குக்கு எதிரே, ஊஞ்சல் எட்டாத தூரத்தில், தகரத்தை வளைத்துப் பற்றவைத்து ஆளுயர அலை ஒன்றை எழுப்பினாள். வெல்டருக்குத் தகடு பிடித்துக் கொடுத்ததும் அவளே. கையில் இரண்டு இடத்தில் கொப்புளம்.

கன்னியம்மாவை மறுபடி அழைத்து வந்தாள். அத்தை படகைச் சுற்றி வந்து, அலையைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

“இப்போ நேரா கீது.”

சேலையைச் செருகிக்கொண்டு மூக்குப் பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள்.

“நீங்களும் ஏறுங்க பாய்,” என்றாள் ஜெயக்கொடி, ஓரமாக நின்ற முதலாளியிடம்.

“எனக்குத் தலை சுத்தும்மா. நீ ஓட்டு.”

அவள் மோட்டாரைப் போட்டாள்.