சாரி விளையாட்டு

இன்று பஸ்ஸில் என் காலை மிதித்த பெண் “சாரி” என்றதும், பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசைவீட்டு லயத்துக்குப் பின்னால் அப்பா செதுக்கிய தேயிலைக் கட்டையின் ஈர வாசம் மூக்கில் ஏறியது.

அப்பாவுக்கு எஸ்டேட் துரையின் பங்களாப் பூந்தோட்டத்தில் வேலை. துரையும் துரைசாணியும் புல்வெளியில் விளையாடுவதைச் செடிகளுக்கு நடுவிலிருந்து பார்த்துவந்து, பிடுங்கிப்போட்ட தேயிலை அடிக்கட்டையில் பந்துகளும் மரச்சுத்தியல்களும் செய்து, தேயிலைப் பெட்டியின் தகரப் பட்டைகளை வில்லாக வளைத்து மண்ணில் குத்தி, அக்காவுக்கும் எனக்கும் அதே விளையாட்டை அமைத்துக் கொடுத்தார். பந்து அவ்வளவு உருண்டை இல்லை. வளைவுக்குள் போகாமல் கோழிக்கூண்டுப் பக்கம் திரும்பிவிடும்.

“அடுத்தவ பந்தத் தட்டிவிட்டா ‘சாரி’ன்னு கத்தணும், அதாம்மா சட்டம். துரை அப்படித்தான் கத்துவாரு,” என்றார் அப்பா.

அதை வெற்றிக் கூச்சல் என்றே நினைத்து, இருட்டும்வரை லயம் அதிர “சாரி, சாரி” என்று கத்தினோம்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் அர்த்தம் சொன்ன அன்று ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“மன்னிப்பு கேக்குறதா? இருக்காதும்மா,” என்றார். “எங்ககிட்ட அவரு ஒருநாளும் அப்படிச் சொன்னதே இல்லியே.”