உப்புத் தண்ணீர் நகர்த்திய முள்

அறுபதுகளின் தொடக்கம். நாகல் நகரில் அறை எடுத்துத் தங்கி, கிணறு வெட்ட இடம் பார்க்கும் குழு ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு மாசி மாதம் சாணார்பட்டிப் பக்கம் மானாவாரிக் காடு ஒன்றுக்குப் போனோம். கணவனை இழந்த ஒரு கிறிஸ்தவ அம்மாவின் நிலம் அது. முதலில் வெட்டிய கிணற்றில் வெறும் பாறைதான். இதுவும் தவறினால் நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டே போவதாக இருந்தார்.

நான்கு இரும்புக் கம்பிகளை வரிசையாக மண்ணில் அடிப்போம். வெளிக்கம்பிகள் வழியாக பேட்டரி மின்சாரம் அனுப்பி, உள்கம்பிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை மீட்டரில் பார்ப்போம். முள் கொஞ்சமாக நகர்ந்தால் அடியில் ஈரம். நிறைய நகர்ந்தால் பாறை. காலையிலேயே முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தியிருந்தேன். அந்த அம்மா ஆசைப்பட்ட வேப்பமரத்து மேட்டில் முள் அசைந்தும் அசையாமலும் நின்றது. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. அவருடைய அண்ணன் கடப்பாரையை எடுத்துவிட்டார்.

பேட்டரி ஒயரைக் கழற்றினேன். மின்சாரம் இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அதுவோ இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. மறுபடி இணைத்து, பேட்டரி ஒயர்களை முனை மாற்றிப் போட்டால் முள் எங்கோ ஓடியது. இரண்டு அளவுக்கும் சராசரி பார்த்தேன். சுத்தமான பாறை.

உள்கம்பி ஒன்றின் அடிமண் மட்டும் நனைந்திருந்தது. யார் ஊற்றியது என்று கேட்டேன். அந்த அம்மாதான் பதில் சொன்னார்.

"நாந்தேன் தம்பி. சர்ச்சு சாமியார் மந்திரிச்சுக் குடுத்த உப்பு. தண்ணி வரட்டும்னு கரைச்சு ஊத்துனேன். தப்பா?"

தப்பில்லை என்றேன். ஒரு கம்பியில் மட்டும் உப்புநீர் பட்டால் அந்த மண்ணே சின்ன பேட்டரி போலாகி முள்ளைத் தள்ளிவிடும் என்று விளக்கினேன். இங்கே தண்ணீர் இல்லை என்பதையும் சொன்னேன். அண்ணன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். அந்த அம்மா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் கேக்க ஆசைப்பட்டதத்தேன் இது சொல்லியிருக்கு," என்றார்.

மேற்கே ஓடைப் பக்கம் கம்பிகளை மாற்றி அடித்தோம். மீதி உப்புத் தண்ணீர் இருந்த பாட்டிலோடு அந்த அம்மா எட்டவே நின்றார். "நீங்க பாத்து முடிங்க. பொறவு ஊத்திக்கிறேன்."

ஒவ்வொரு முறையும் பூஜ்யம் பார்த்தேன், ஒயரைத் திருப்பிப் போட்டும் பார்த்தேன். இரண்டு பக்கமும் முள் ஒரே மாதிரி கொஞ்சமாகவே நகர்ந்தது. வைகாசியில் அங்கே தண்ணீர் வந்தது. லேசான உவர்ப்பு, ஆனாலும் பயிருக்குப் போதும்.

அந்த மேட்டில் தண்ணீர் இருக்க வேண்டும் என்று அவரைப் போலவே நானும் ஆசைப்பட்டேன். அதனால்தான், எனக்குப் பிடித்த அளவை மீட்டர் காட்டும்போதெல்லாம் இன்றும் முதலில் ஒயரைக் கழற்றிப் பூஜ்யம் பார்த்துவிடுகிறேன்.